எந்த இனம் என்று கேட்கிறார்கள்

நான் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தது 2002இல். வாடகை வீடு தேடி ஏஜெண்டுக்குப் போன் செய்தால், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் "இந்தியனா?" என்ற கேள்வி வரும். ஆமாம் என்றால், "ஓனர் வேண்டாம்னு சொல்றார்" என்று வைத்துவிடுவார்கள். விடாமல் கேட்டால் சிலர் காரணமும் சொல்வார்கள். சமையல் வாசனை, சுவரில் மஞ்சள் கறை, ஒருவர் பெயரில் எடுத்துப் பத்துப் பேர் தங்குவது.

இதற்கெல்லாம் ஈடாகத்தானே முன்பணம் வாங்குகிறார்கள்? ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்பது வழக்கம். சுவர் கறைபட்டால் அதில் பிடித்துக்கொள்ளலாம். என்றோ யாரோ வைத்த கறைக்கு, அடுத்து வருகிற முகம் தெரியாதவனைக் கதவுக்கு வெளியே நிறுத்துவது வேறு விஷயம்.

மறு ஆண்டு சார்ஸ் வந்தது. 33 உயிர்கள் போயின. ஊரே அடங்கிக் கிடந்தது. வீடு கேட்டு வருவோர் குறைந்துவிட்டார்கள். அங் மோ கியோவில் ஒரு நாலறை வீட்டை எனக்கு மறுத்த அதே ஏஜெண்டு, இப்போது தானாகவே கூப்பிட்டார். "ஓனருக்கு இந்தியர் ஓகே. வாடகையும் குறைச்சுக்கலாம்." குடிபோனோம். சாம்பார் வைத்தோம், கருவாடும் வறுத்தோம். ஒப்பந்தம் முடிந்தபோது முன்பணம் முழுசாகத் திரும்பி வந்தது.

அந்த வீட்டில்தான் எனக்கு ஒன்று தெளிவானது. வீடு காலியாகக் கிடந்து மாதத் தவணை கையைக் கடிக்கும்போது வாசனை யாருக்கும் பெரிதாகத் தெரிவதில்லை. வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது, நம்மைத் தள்ளிவிட்டு ஒன்பது பேரில் ஒருவரைப் பிடிப்பதில் உரிமையாளருக்கு ஒரு வெள்ளியும் நஷ்டமில்லை. அந்த நஷ்டம் நம் தலையில் விழுகிறது.

அது எப்படி விழும் என்பதை 2022இல் என் அக்கா மகன் வந்தபோது பார்த்தேன். அந்த ஓராண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது. இருபதாண்டுகளில் பேச்சு நாகரிகமாகியிருந்தது. இடையில் இணைய விளம்பரங்களில் இந்தியரும் சீன நாட்டவரும் வேண்டாம் என்று வெளிப்படையாகப் போட்டிருந்த ஒரு காலம் உண்டு. எதிர்ப்பு வந்தபின் அந்த வரிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இன்று வாட்ஸ்அப்பில் புரொஃபைல் அனுப்பச் சொல்கிறார்கள்.

"மாமா, என்ன வேலை, எத்தனை பேர், என்ன பட்ஜெட்னு கேக்குறாங்க. கூடவே என்ன ரேஸ்னும் இருக்கு" என்றான். அனுப்பினான். சிலர் "வீடு போயிடுச்சு" என்றார்கள். சிலரிடமிருந்து இரண்டு நீலக் கோடுகளோடு சரி. நாங்கள் வீடு தேடிய நாளில் மறுப்பு நேராக வந்தது. வலித்தாலும் அடுத்த எண்ணைச் சுழற்றப் போகலாம். இவனோ வராத பதிலுக்காகக் காத்திருந்தான். காத்திருந்த ஒவ்வொரு வாரமும் வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

முடிவில் செம்பவாங்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் அறை கிடைத்தது. இவனுக்கு வேறு இடம் கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். வாடகையில் பேரம் பேச இடமே இருக்கவில்லை. அவன் வேலை ஜூரோங்கில். தீவின் வடக்கிலிருந்து மேற்குக்குத் தினமும் போய்வர வேண்டும். அதே சம்பளம் வாங்கும் சக ஊழியனைவிட அவனுக்கு வீடு விலை கூடுதல் என்பது எந்தக் குறியீட்டிலும் ஏறாது.

இதே நாட்டில்தான், ஓர் இனம் ஓரிடத்தில் குவிந்துவிடக் கூடாது என்று 1989 முதல் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் புளோக் புளோக்காக இன விகிதம் பார்க்கிறார்கள். 1964 கலவரங்களைக் கண்ட நாட்டுக்கு அந்தக் கவலை நியாயமானது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் அதன் சுமையும் சிறுபான்மையினர் மீதே அதிகம் இறங்கியது. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், அங்குள்ள இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் குறைய, விலையும் இறங்கும். நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவர்களின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இல்தான் வந்தது. வாடகைக்கு அலைபவனுக்கு அந்த அளவு ஆறுதலும் இல்லை. குடியிருப்பாளர் குடும்பங்களில் சுமார் பத்துக்கு ஒன்பது சொந்த வீட்டில் இருக்கும் நாட்டில், வாடகைக்காரர் பலர் வாக்கில்லாத வெளிநாட்டவர். அவர்கள் குரல் நாடாளுமன்றம் வரை எட்டுவது கடினம்.

ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். உண்மைதான். சென்னையில் "சைவம் மட்டும்" என்ற வீட்டு விளம்பரத்தின் பின்னால் சாதியும் மதமும் நிற்பது அங்கே வீடு தேடிய முஸ்லிமுக்கும் தலித்துக்கும் தெரியும். அங்கே நடக்கும் அநியாயம் இங்கே நடப்பதற்குச் சமாதானமாகாது. இரண்டையும் ஒரே மூச்சில் எதிர்க்கிறேன்.

2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலை கொடுப்பதில் இனம் பார்ப்பதைத் தடுக்க அதில் வழி இருக்கிறது. வேலை கிடைத்தவன் இரவு எங்கே படுப்பது என்பதை அது தொடவில்லை. தனியார் ஒருவர் தம் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்பதில் அரசு எப்படித் தலையிடும் என்பார்கள். சரி, ஏஜெண்டிலிருந்து தொடங்கட்டும். அவர் அரசு வாரியத்தில் பதிவு பெற்றுத் தொழில் செய்பவர். பதிவு இல்லாமல் ஒரு வாடகை ஒப்பந்தத்தையும் அவர் முடித்துவைக்க முடியாது. புரொஃபைலில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால் அந்தப் பதிவு போகும் என்று ஆக்கட்டும்.