ஃபியூஸ் போகாத வீடு

கேள்வி: தாத்தா காலத்து மரவீடு. ஏ.சி. போட்டதும் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. தடித்த கம்பியாகக் கட்டிவிட்டேன், இப்போது போவதே இல்லை. எப்படி என் சாமர்த்தியம்?
– வாசகர், டெலானிபூர், அந்தமான்

பதில்: ஃபியூஸ் போகாது, சரி. அதற்குப் பதிலாக எது போகும்? பழைய வயர் சூடேறும், பக்கத்திலேயே மரச்சுவர்! கம்பியை இன்றே கழற்றுங்கள். ஏ.சி.க்குத் தனி வயர், தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) போடுங்கள்.

எம்.சி.பி. வயரைக் காக்கும், ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். வீட்டுக்கானது 30 மில்லியாம்பியர் மின்கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும். 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பதே அதைவிட அதிகம்! உங்கள் ஊர்க் கடற்காற்று எர்த் இணைப்பை அரித்திருக்கும். மே மாத மழைக்கு முன் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.