மொய்யும் கிருபையும்

கேள்வி: 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று பத்திரிகையில் போடுகிறார்கள். மண்டபத்துக்குப் போனால் மொய் நோட்டு விரித்திருக்கிறது. எதை நம்புவது? (வாசகர், வடபழனி)

பதில்: நோட்டைத்தான்! முகூர்த்த நாளில் உங்கள் முருகன் கோயிலைச் சுற்றியுள்ள மண்டபங்களைப் பாருங்கள். ஒருவர் கவரைப் பிரித்து எண்ணுவார். பக்கத்தில் ஒருவர் ஊர், பேர், தொகை எழுதுவார். அன்று 501 வாங்கியவர் நாளைக்கு அதற்குக் குறையாமல் வைக்க வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் கல்யாணத்துக்குக்கூடக் காத்திருப்பதில்லை. ஆடி மாதம் கறிச்சோறு போட்டு 'மொய் விருந்து' நடத்திவிடுவார்கள். வட்டியில்லாக் கடன், வயிறார வசூல்! வாங்கிய பரிசைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்ற சமூக விதியைப் பற்றி பிரான்சின் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925-இல் நீண்ட ஆய்வே வெளியிட்டார். மொய் எழுதும் பெரியவருக்கு அதைப் படிக்காமலே மனப்பாடம்.

திருப்பித் தரவே முடியாத பரிசும் உண்டு என்றவர் மார்ட்டின் லூதர். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை 1517-இல் எதிர்த்தவர். கடவுளின் கிருபை இலவசம், பதில் மொய் செய்து கணக்கைத் தீர்க்க முடியாது என்பது அவர் கட்சி. அவர் தொடங்கிவைத்த புராட்டஸ்டண்ட் வழியில் வந்த நம்மூர் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளின் அறுப்பின் பண்டிகைக்குப் போய்ப் பாருங்கள். காணிக்கையாக வந்த பூசணிக்காய் சந்தை விலையைத் தாண்டி ஏலம் போகும். கிருபை இலவசம், பூசணிக்காய் அல்ல!

மொய் என்றால் எழுதி வையுங்கள். தானம் என்றால் மறந்துவிடுங்கள். இரண்டையும் குழப்பினால் உறவும் போகும், பணமும் போகும்.