மண் தின்ற தம்பி, பால் குடிக்கும் பேரன்

எங்கள் பழைய வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் காரை பெயர்ந்திருக்கும். தம்பி சுரண்டித் தின்ற இடம். சாம்பல், என் பல்பம், வாசல் மண் எதையும் விடமாட்டான். முகம் வெளுத்து, கொஞ்சம் ஓடினாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். மண்ணைத் தின்றுதான் ரத்தம் சுண்டிவிட்டது என்று அப்பாயி முடிவுகட்டினாள். கையைக் கட்டிவைத்தார்கள், விரலில் வேப்பெண்ணெய் தடவினார்கள், அடித்தார்கள். ஆனால் இரும்புச்சத்து குறைந்த உடம்புதான் பல பிள்ளைகளை மண்ணையும் பல்பத்தையும் தேட வைக்கிறது. மருந்து கொடுக்க வேண்டிய பிள்ளைக்கு அடி கிடைத்தது. வயிற்றில் பூச்சி என்று அப்பாயி சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. வெறுங்காலில் திரியும் பிள்ளையின் தோல் வழியே ஏறும் கொக்கிப்புழு, குடலில் தங்கி ரத்தத்தைத்தான் குடிக்கிறது.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ‘மந்தம்’ என்று பெயர். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. முதல் இரண்டு வயதில் மூளை வளர இரும்பு எவ்வளவு தேவை என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? அரசின் சோகைத் தடுப்புத் திட்டம் 1970இலேயே வந்துவிட்டது. எங்கள் தெருவில் அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. “வேளைக்கு ஒரு டம்ளர் பால் குடுக்க வழியிருந்தா புள்ள தேறிருவான்” என்பதே அப்பாயியின் ஏக்கம்.

இன்று மகள் வீட்டில் பாலுக்குக் குறைவில்லை. ஒன்றரை வயதுப் பேரன் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கிறான். சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறான். கன்னம் உப்பிக் கொழுகொழுவென்று இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். 11 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8தான் இருந்தது. பசும்பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பு உடம்பில் சேர்வதையும் தடுக்கும். குடித்த பால் வயிற்றையும் அடைத்துவிடும். அப்பாயி ஏங்கிய பாலே அவளுடைய எள்ளுப்பேரனை வெளுக்கவைத்துவிட்டது.

எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் இரும்பு என்று கணக்கிட்டுத் தினமும் சொட்டு மருந்து, பால் அரை லிட்டருக்கு மேல் கூடாது என்றார் டாக்டர். மருந்தைப் பாலோடு தராமல் சாத்துக்குடிச் சாற்றோடு தந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுத்ததும் சம்பந்தியம்மா பதறி, நிறுத்தச் சொன்னார். உடம்பில் சேராத இரும்புதான் அப்படி வெளியேறுகிறது, கெடுதல் இல்லை என்று எடுத்துச் சொன்னோம். முகத்தில் ரத்தம் ஊறியதும் நிறுத்தத் தோன்றும். அப்போதுதான் நிறுத்தவே கூடாது. ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரண்டு, மூன்று மாதம் கொடுத்தால்தான் உடம்பில் இருப்பு நிரம்பும். பாட்டிலைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள். இனிக்கிறதே என்று ஒரேயடியாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்குச் சோகை. முந்தைய கணக்கெடுப்பில் 51. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி, அதாவது 20 மில்லிகிராம் இரும்பு கொடுக்க அரசே இலவசமாக சிரப் தருகிறது. சோகை வராமல் தடுக்கும் அளவு அது. மூடி திறக்காத அந்தப் பாட்டிலை அக்கம்பக்கத்து அலமாரிகளில் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கொடுக்கும்போதே “மலம் கறுக்கும், பயப்படாதீங்க” என்று அங்கன்வாடியில் ஒரு வார்த்தை சொல்லலாம். வீட்டில் செவ்வாய், வெள்ளி என்று நாள் வைத்துக்கொண்டால் மறக்காது.