விம்பிள்டன் புல்லும் தமிழ்ப் பழமொழிகளும்: ஓர் ஆய்வு

புல்லைப் பற்றி நம் முன்னோர் சொல்லிவைத்தவை அனைத்தும் வெயில் நாட்டுப் புல்லை மட்டுமே பார்த்துச் சொன்னவை என்பது இக்கட்டுரையின் கருதுகோள். மறுப்பவர்கள் கடைசிப் பத்திவரை பொறுத்தருள்க.

நெல்லுக்குப் பாயும் நீரில் புல்லுக்கும் கொஞ்சம் கசியும் என்பது நம் பக்கத்து நியாயம். லண்டன் விம்பிள்டனில் நெல்லே புல்தான். 2001 முதல் அங்கே டென்னிஸ் ஆடுகளம் முழுவதும் பெரினியல் ரைகிராஸ் என்னும் குளிர்காலப் புல். அதற்கு முன் 30 விழுக்காடு செம்ஃபெஸ்கியூவும் கலந்திருந்தது. நீர், உரம், மழை வந்தால் மூட விரிப்பு, அத்தனையும் இதற்கே. விதையைப் புறா பொறுக்காமலிருக்க ரூஃபஸ் என்ற பருந்துகூடப் பணியில் இருந்தது. நம்மூர் நெல்லுக்கு வைக்கோல் பொம்மை.

இனி இலக்கணம். 15 முதல் 24 பாகை செல்சியஸ்வரை இப்புல்லுக்கு உவப்பு. சென்னைக் கத்திரியில் நட்டால் என்னாகும் என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே, இரங்கற்பாவின் எல்லைக்குள் வருகிறது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். தூரின் அடி செவ்வூதா. விதைத்த ஒரு வாரத்தில் முளைத்துவிடும். கென்டக்கி நீலப்புல் என்றால் இரண்டு மூன்று வாரம் யோசிக்கும். ஆனால் அருகம்புல்லைப் போல ஓடி வேர்விடத் தெரியாது; நின்ற இடத்திலேயே தூர்கட்டும். பேஸ்லைனில் ஆட்டக்காரர்கள் தேய்த்த இடம் ஆயுளுக்கும் வழுக்கைதான். எனவே ஆண்டுதோறும் போட்டி முடிந்ததும் மறுவிதைப்பு.

சவரம் தனி அத்தியாயம். குளிர்காலத்தில் 13 மில்லிமீட்டர், போட்டிக்கு 8 மில்லிமீட்டர். போட்டி நாட்களில் தினமும் வெட்டு. வெட்டும் கருவிக்கு மூலவர் எட்வின் பட்டிங். ஆலையில் கம்பளித் துணியின் பிசிறைக் கத்தரிக்கும் இயந்திரத்தைப் பார்த்தவர், 1830இல் அதையே புல்தரைக்குத் திருப்பிவிட்டார். அதுவரை அரிவாள் பிடித்தவர்களை யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

‘புல்லானாலும் புருஷன்’ என்றவர் நிச்சயம் இந்தப் புல்லோடு குடித்தனம் நடத்தியவரல்லர். தினச் சவரம், அளந்த தண்ணீர், குடைபிடிக்க ஆள், காவலுக்குப் பருந்து என்றால் கல்லே மேல் என்று சொல்லியிருப்பார்.

எஞ்சியது ‘புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது’. இதை உடைக்க ஒரே சான்று போதும். 2011 ஜூலை 3 அன்று நடாலை வென்ற டென்னிஸ் புலி ஜோகோவிச், சென்டர் கோர்ட்டில் குனிந்து ஒரு கிள்ளு புல்லைப் பிடுங்கி வாயில் போட்டு மென்றார். பசியாலல்ல, வெற்றியால். அடுத்தடுத்த வெற்றிகளிலும் அதையே செய்ததால் தற்செயல் என்று தள்ளவும் முடியாது. பழமொழித் தொகுப்பு வெளியிடும் பதிப்பகத்தார் அடுத்த பதிப்பில் ‘விம்பிள்டன் நீங்கலாக’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.