சந்தேகப்பட்டால் பாவமா?

கேள்வி: ஞாயிறு பூசையைத் தவறவிடாத கத்தோலிக்கன் நான். ஆனால், ஒருபால் திருமணத்தைத் திருச்சபை எதிர்ப்பது என் மனசுக்கு ஒப்பவில்லை. இது விசுவாசக் குறைவா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சந்தேகப்பட்ட தோமாவையே திருச்சபை தள்ளிவைக்கவில்லை, மயிலாப்பூரில் அவர் பெயரில் பேராலயம் அல்லவா நிற்கிறது! தைரியமாகச் சந்தேகப்படுங்கள்.

உங்களுக்குத் துணையும் நிறைய உண்டு. கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் அயர்லாந்தில் 2015-இல் ஒருபால் திருமணம் குறித்துப் பொதுவாக்கெடுப்பு நடந்தது. ஆயர்கள் 'வேண்டாம்' என்றார்கள். வாக்களித்தவர்களில் 62 சதவீதம் பேர் 'வேண்டும்' என்றார்கள்.

வத்திக்கானும் அசையாத மலை அல்ல. ஒருபால் உறவுகளுக்கு ஆசி வழங்க முடியாது என்று 2021-இல் சொன்னது. 2023 டிசம்பரில், அந்த இணைகளுக்கு ஆசி வழங்கலாம், ஆனால் அது திருமணச் சடங்கு போலத் தெரியக் கூடாது என்றது. பந்திக்கு வரலாம், மணமேடை ஏறக் கூடாது என்பது போல! திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே மட்டும்தான் என்ற போதனை இன்னும் மாறவில்லை.

மாறுமா என்கிறீர்களா? விஞ்ஞானி கலிலியோவை 1633-இல் தண்டித்த திருச்சபை, அது தவறு என்று ஒப்புக்கொண்டது 1992-இல். ஆகவே அவசரப்படாதீர்கள்.

ஆய்ந்து தெளிந்த மனச்சாட்சிக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதும் திருச்சபையின் போதனைதான். பூசையையும் விடாதீர்கள், கேள்வியையும் விடாதீர்கள்.