டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய்

காரின் வெளிப்புறத்தை நான் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மதுரைப் புழுதியில் அதைக் கண்டுகொண்டு என்ன ஆகப்போகிறது? உள்ளே அப்படியில்லை. அங்கே உட்கார்ந்திருப்பது நான். கண்ணுக்கு நேரே டேஷ்போர்டு. ஷோரூமிலிருந்து வந்தபோது அது மங்கலான கறுப்பாக, கொஞ்சமும் மின்னாமல் இருந்தது. எனக்கு அது குறையாகப் பட்டது. வாட்டர் வாஷ் கடையில் வேலை முடிந்ததும் ஒரு தம்பி ஸ்பாஞ்சில் எதையோ தொட்டுத் தேய்த்து அதை மினுமினுக்க வைத்துக் கொடுப்பான். அந்த மினுமினுப்பைப் பார்த்த பிறகு தொழிற்சாலைக்காரன் கடைசி வேலையைச் செய்யாமல் விட்டுவிட்டான் என்றும், அதை முடித்துவைக்கும் பொறுப்பு என்னுடையது என்றும் நம்பத் தொடங்கினேன்.

முதலில் வாங்கியது அதே ஜாதி பாலிஷ். அதில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கோன் எண்ணெய். பிளாஸ்டிக்குக்குள் இறங்காது, சீக்கிரம் காயாது, மேலேயே நிற்கும். மினுக்குவதும் அதனால்தான், வழுக்குவதும் அதனால்தான், தெருத்தூசியைக் கூப்பிட்டு உட்கார வைப்பதும் அதனால்தான். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் பூசக்கூடாது என்று பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் முன்பக்கம் மட்டும் படிக்கிற ஆள். ஸ்டியரிங்குக்கும் தாராளமாகப் பூசினேன். கோரிப்பாளையம் சிக்னலில் வண்டியைத் திருப்பினால் கை திரும்புகிறது, ஸ்டியரிங் திரும்பவில்லை.

"என்னங்க, வண்டி ஓட்டுறீங்களா, வழுக்குமரம் ஏறுறீங்களா?" என்றாள் மனைவி.

இன்னொரு உபயமும் கிடைத்தது. உச்சி வெயிலில் டேஷ்போர்டு அப்படியே முன்கண்ணாடியில் தெரியும். அதன்மேல் ஒட்டிவைத்திருந்த பிள்ளையாரும் தெரிவார். எதிரே வருகிற லாரியை அவரை ஊடுருவித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

கெமிக்கலே வேண்டாம், இயற்கைக்குத் திரும்பிவிடுவோம் என்று அடுத்து முடிவு செய்தேன். இந்த மாதிரி முடிவுகளுக்கு நம்மிடம் ஒரே பொருள்தான் உண்டு: தேங்காய் எண்ணெய். துணியில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தேன். அருமையான கறுப்பு. வாசனையும் நம்ம வீட்டு வாசனை. அந்தக் கோலத்தோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போனேன். காலையில் கதவைத் திறந்தால் டேஷ்போர்டின் சொரசொரப்புப் பள்ளங்களிலும் ஏசி துவாரங்களின் ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. "மாமா, வண்டி பூஞ்சை பிடிச்சிருச்சு" என்றான் மச்சினன். அவன் சொன்னால் நான் நம்பிவிடுவேன், எம்.எஸ்ஸி. படித்தவன். ஏரிக்கரைப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கிப் பூஞ்சை போக்கும் ஸ்பிரே ஒன்றைக் கண்டுபிடித்து அடித்தேன். வத்தலக்குண்டு இறங்குவதற்குள் வெள்ளை முழுக்க மறைந்துவிட்டது. வழியெல்லாம் அந்த ஸ்பிரேயின் மகிமையைப் பேசிக்கொண்டே வந்தேன்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், மேலே வந்தால் உருகும். மார்கழியில் குளியலறைப் பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கி வளர்ந்தவன் நான். அது காரிலும் உறையும் என்று தோன்றவில்லை. எம்.எஸ்ஸி.க்கும் தோன்றவில்லை. அவன் படித்தது கணிதம் என்பதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சித்திரை வெயிலில் அதே எண்ணெய் காறல் வாடை அடிக்க ஆரம்பித்தது தனிக்கதை.

சீட்டுக்கு வருவோம். 'லெதர்' என்று சொல்லித்தான் கவர் போட்டார்கள், நானும் லெதருக்கான விலையைத்தான் கொடுத்தேன் என்று நினைக்கிறேன். தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்கத் தேன்மெழுகு கலந்த லெதர் கண்டிஷனர் ஒன்று வாங்கினேன். நான் வாங்கிய பாட்டில்களிலேயே விலை உயர்ந்தது அதுதான். தோல் அதைக் குடித்துவிடும் என்று போட்டிருந்தது. என் சீட் குடிக்கவில்லை. ராத்திரி பூசியது விடிந்தும் பிசுபிசுவென்று மேலேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் பூசினால் தாகம் வரும் என்று பூசினேன். அன்றைக்கு ஒரு முகூர்த்தம். பட்டு வேட்டியின் பின்பக்கம் பெரிய எண்ணெய் வட்டத்தோடு மொய் எழுதுகிற மேஜை முன்னால் நின்றேன், பின்னால் நின்ற வரிசை முழுக்கப் பார்த்தது. கவரின் ஜிப்பைத் திறந்து உட்பக்கம் பார்த்திருந்தால் போதும். தோலென்றால் நார் நாராக இருக்கும். இதில் நெய்த துணி, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு. அதாவது ரெக்ஸின். ரெக்ஸினுக்குக் கண்டிஷனர் எதற்கு? ஷாம்பூ இரண்டு சொட்டு விட்ட தண்ணீரும் ஈரத்துணியும் போதும். ஆனால் அதை வாங்க ஒரு கடைக்குப் போக முடியாதே.

கண்ணாடி துடைக்கிற நீலத் தண்ணீரை டச் ஸ்கிரீனில் அடித்ததையும், அதன்மேலிருந்த கண்கூச்சம் தடுக்கும் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்ததையும் ஒரு வரியில் கடந்துவிடுகிறேன். மைக்ரோஃபைபர் துணிகளைத் துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசி, அவை தண்ணீரைக்கூட உறிஞ்சாமல் செய்ததும் நான்தான்.

இதற்கு நடுவே 'புற ஊதாக் கதிர் பாதுகாப்பு' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்ட பாட்டில் ஒன்றும் வந்து சேர்ந்தது. முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதுவே தடுத்துவிடுகிறது. கதவுக் கண்ணாடிகள்தான் கொஞ்சம் விடும். ஆக, டேஷ்போர்டின் மேற்பக்கத்துக்கு நான் காசு கொடுத்து வாங்கியது கண்ணாடி சும்மா செய்துகொண்டிருந்த வேலையை. பெரிய எதிரி சூடு. அரிசோனாவில் கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களை அளந்து 2018-இல் ஓர் ஆய்வு வந்தது: டேஷ்போர்டு சராசரி 69 டிகிரி, ஸ்டியரிங் 53 டிகிரி செல்சியஸ். நம்ம ஊர் அக்னி நட்சத்திரமும் லேசுப்பட்டதில்லை. பிளாஸ்டிக்கை வளைந்து கொடுக்க வைக்கிற பொருட்கள் அந்தச் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்த்தான் டேஷ்போர்டு விறைத்து வெடிக்கிறது. முன்கண்ணாடியின் உட்பக்கம் படிகிற புகை மாதிரியான மங்கலிலும் அவைதான் இருக்கின்றன. இதற்கு மருந்து கண்ணாடிக்குள் விரித்து வைக்கிற வெள்ளிநிற மறைப்பு. வாங்கினேன். இந்தக் கட்டுரையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் இது என்று நீங்கள் நினைக்கலாம்.

அதையும் நான் விட்டுவைக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மனைவி ஸ்டியரிங், கியர், கதவு என்று மஞ்சள் குழைத்துப் பொட்டு வைத்தாள். கதவின் உட்புறம் சந்தன நிறத் துணி. பொட்டு வழிந்து கறையாகிவிட்டது. நான் துணி துவைக்கிற சோப்பைக் கரைத்துத் தேய்த்தேன். மஞ்சள் கறை கண்ணெதிரே சிவப்பாக மாறியது. பயந்துபோய் இன்னும் சோப்பு போட்டேன், இன்னும் சிவந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி எடுக்கிற வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். சோப்பும் சுண்ணாம்பு மாதிரியே காரம்தான். எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்ததும் மறுபடி மஞ்சளானது, ஆனால் போகவில்லை. மஞ்சள் கறையை வெளுக்கச் செய்வது வெயில். வெயிலே உள்ளே வரக்கூடாது என்று வெள்ளி மறைப்பைப் போட்டு, வேப்பமர நிழலாகத் தேடித்தேடி நான் நிறுத்திக்கொண்டிருந்தேன். நான் ஊரில் இல்லாத ஒரு வாரம் மனைவி வண்டியை வெட்டவெளியில் நிறுத்திக் கதவுக் கண்ணாடியை இறக்கி வைத்தாள். கறை பாதிக்கு மேல் போய்விட்டது.

இந்த வருஷம் பூஜைக்கு முன்பே அவளிடம் சொன்னேன், பொட்டெல்லாம் வெளியே பானெட்டில் மட்டும் வை என்று.

"வெச்சுக்கிறேன். நீங்க அந்தப் பாட்டிலையெல்லாம் தொடச்சு எடுத்து வைங்க. அதுங்களுக்கும் பொட்டு வைக்கணும்ல, உங்க ஆயுதம் அதுங்கதானே?"