கோழிகள் கட்டிய கோட்டை

கானாடுகாத்தானில் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரு செட்டியார் வீட்டுக்குள் போனேன். மேலே கஜலட்சுமி, பக்கத்தில் துப்பாக்கியோடு சுதையாலான வெள்ளைக்காரச் சிப்பாய், சம்பளமில்லாமல் இன்னும் டூட்டியில். முகப்புக்குப் படியேறவே மூச்சு வாங்கியது. பூம்புகாரைக் கடல் கொண்டபோது கிளம்பி வந்தவர்கள் நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்கள் என்பது அவர்கள் மரபு. அந்தப் பயத்தில்தான் இவ்வளவு உயரமாம். வந்து சேர்ந்ததோ, மழைத் தண்ணீரைப் பிடிக்க வளவு முற்றத்தின் மூலையில் அண்டா வைக்க வேண்டிய வறண்ட சீமை!

சுவர் குழந்தைக் கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்த பூச்சு. "அப்போ மஞ்சக்கரு?" என்று சுற்றிக் காட்டிய பெரியவரிடம் கேட்டேன். "கொத்தனாருங்க சும்மாவா விட்டிருப்பாங்க?" என்றார்.

தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலிச் சலவைக்கல், கண்ணாடி பெல்ஜியம். செலவில் பெரும்பங்கு பர்மாவில் ஐராவதிக் கரையில் நெல் விதைத்தவருடையது. பாவம், அவருக்கே தெரியாது. செட்டியாரிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டினார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை படுத்ததும் நிலத்தையே கொடுத்தார். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது, 1938-இல் 25. செட்டியாருக்கும் சந்தோஷமில்லை. அவர் கேட்டது பணம், கிடைத்தது சேறு. 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், ஓட்டம். 1948-இல் பர்மா சட்டம் போட்டது, சேறும் போச்சு.

மிஞ்சியது வீடு. இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம், அவ்வளவு நீளம். கல்யாணமான மகனுக்கு மட்டும் ஒரே அறை! அதையும் பாதி அடைத்துக்கொண்டது ஆச்சி கொண்டுவந்த சீர்ச்சாமான். மகன் கடை பார்க்க ரங்கூன் போனால் திரும்ப மூன்று வருடம். மகனைத் தனிக்குடித்தனமாக 'வேறு வைத்தபின்' அடுப்பும் தனி. அரண்மனை மாதிரி வீட்டில் வரிசையாகப் பூட்டிய அறைகள். ஆச்சிமார் இடுப்பில் சாவிகள்.

பெரியவர் ஒரு பூட்டைத் திறந்தார். பெயரெழுத்து வெட்டிய பித்தளைக் குடங்கள், மேலே தூசி.

"இப்போ யாரு இருக்காங்க?"

"போன மாசம் ஒரு பண்ணையார் இருந்தாரு, மூணு நாள். நாலு தடவை தீர்ப்பு சொன்னாரு. போறப்ப ஊஞ்சல் சங்கிலிய அத்துட்டுப் போயிட்டாங்க சினிமாக்காரங்க."